வாய் நிறைய மணல்: ஜியோஃபேகஸ் வளர்ப்பில் தரைதான் முதல்

தலையைக் கீழே சாய்த்து, உதட்டை முன்னால் நீட்டி, கண் வரைக்கும் மணலில் முங்குகிறது மீன். ஒரு வாய் அள்ளிக்கொண்டு நாலு விரற்கடை மேலே எழும்பி அப்படியே நிற்கிறது. தாடை மெல்வதுபோல அசைகிறது. பொடி மணல் செவுள் மூடியின் ஓரமாகப் புகைபோல வழிந்து இறங்குகிறது, பருமணலை வாயாலேயே துப்பிவிடுகிறது. உள்ளே தங்குவது ஒரு புழுத்துண்டோ, நேற்றுப் போட்ட பெல்லட்டின் (தீவன உருண்டையின்) துணுக்கோ. இரண்டு அங்குலம் நகர்ந்து மறுபடி ஒரு வாய். விளக்கு எரியும் நேரம் முழுக்க இதே வேலைதான்.

தென்னமெரிக்காவின் ஜியோஃபேகஸ், சட்டனோபெர்கா, பயோடோடோமா வகைச் சிக்லிட் குடும்ப மீன்கள் எல்லாமே இப்படித்தான் சாப்பிடுகின்றன. கிரேக்கத்தில் ஜியோஃபேகஸ் என்றால் மண்ணைத் தின்பது. உண்மையில் அது மண்ணைத் தின்பதில்லை, சலிக்கிறது. முதல் செவுள் வளைவில் இருக்கும் மடலும் அதில் வரிசைகட்டிய சிறு முட்களும்தான் சல்லடை. தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை, கிடைத்ததை நொறுக்குகிறது. இந்தச் சல்லடைக்கு ஏற்ற மணல் போட்டோமா, அந்த மணலில் என்ன தேங்குகிறது, இந்த இரண்டிலேயே வளர்ப்பின் பெரும்பகுதி அடங்கிவிடும். ‘இந்த மீன் எனக்கு ஒத்துவரவில்லை’ என்று கைவிடப்படும் தொட்டிகளின் தரையைப் பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே கிடக்கும்.

மணல்

0.2 முதல் 0.8 மி.மீ. வரையுள்ள உருண்டையான மணிகள் வேண்டும். நீச்சல்குள ஃபில்டருக்கு விற்கும் சிலிக்கா மணல் நன்றாகப் பொருந்தும். சலித்த ஆற்று மணலும் சரி. கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட் வேண்டாம். அதன் மணிகள் முனை கூர்ந்தவை, தூசியும் நிறைய. விரலிடையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்: உறுத்தினால் அந்த மீனின் செவுளையும் அது உறுத்தும். மீன்தொட்டிக்கென்று விற்கும் கறுப்பு மணலில் சில, உலோகக் கசடை உடைத்தவை. கண்ணாடித்தூள் போன்ற விளிம்பு அவற்றுக்கு.

2 மி.மீ.க்கு மேற்பட்ட சரளையில் இந்த மீன் செத்துவிடாது. ஆனால் செவுள் வழியே வெளியேறாத கல்லை அது வாயால் துப்பியே ஆகவேண்டும். பல நேரம் கல் வாயில் சிக்கி, வாய் திறந்தபடியே மீன் தவிக்கும். கொஞ்ச நாளில் சலிப்பதையே நிறுத்திவிட்டு, மேலே விழும் தீவனத்துக்காகக் காத்துக் கிடக்கும். அதற்கு இந்த மீனை வாங்கியிருக்கவே வேண்டாம்.

வாங்கிய மணலுக்கு இரண்டு சோதனை. ஒரு கரண்டி உலர்ந்த மணலில் வினிகர் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். குமிழி கிளம்பினால் சிப்பித்தூளோ சுண்ணாம்போ கலந்திருக்கிறது. அது கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மையும் பிஎச்சும் (அமில-கார அளவு) ஏறும். கடல் மணலை ஒதுக்குவதற்குக் காரணம் உப்பைவிட இதுதான். இரண்டாவது, ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மணலுக்குள் அளைந்து எடுங்கள். கறுப்புத் துகள் கொத்தாக ஒட்டிவந்தால் அதில் இரும்புத்தாது இருக்கிறது. ஃபில்டருக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரும் காந்தம்தான். அந்தத் துகள் அதில்போய் ஒட்டி, அச்சைத் தேய்த்து, ஒருநாள் கரகரவென்று சத்தம் போடவைத்து அதை நிறுத்திவிடும்.

அளவு: 150 × 60 செ.மீ. தரையில் 4 செ.மீ. உயரம் என்றால் 36 லிட்டர். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ வைத்தால் ஏறத்தாழ 54 கிலோ. 3 முதல் 5 செ.மீ. போதும். அதற்கு மேல் போட்டால் மீன் எட்டாத அடி அடுக்கில் அழுக்கு இறுகி, கிளறும்போது அழுகிய முட்டை வாடை வரும். வாளியில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, குழாயை அடிவரை விட்டுக் கையால் கலக்கி, கலங்கல் நீரை வழித்துக் கொட்டுங்கள். எட்டுப் பத்து தடவைக்குப் பின்தான் தெளியும். இதில் சோம்பல்பட்டால் தொட்டி ஒரு வாரம் பால்போலக் கிடக்கும். தொட்டியில் பரப்பியதும் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் நீர் விழும்படி நிரப்புங்கள்.

நிறத்திலும் ஒரு சொல். பளிச்சென்ற வெள்ளை மணலில் இந்த மீன்கள் வெளுத்துப்போகும். பழுப்பும் சாம்பலும் கலந்த மணலில்தான் பக்கவாட்டு நீலப்புள்ளிகளும் துடுப்பின் சிவப்பும் எழும்பி நிற்கும்.

எந்த மீன், எத்தனை

முதல்முறை வளர்ப்பவருக்கு ‘ரெட் ஹெட் டபஜோஸ்’ என்று விற்கப்படும் மீனைத்தான் சொல்வோம். பிரேசிலின் தெளிந்த நீருடைய டபஜோஸ் ஆற்றிலிருந்து வந்தது. பல ஆண்டுகள் அறிவியல் பெயரே இல்லாமல் விற்கப்பட்டு, 2022இல்தான் ஜியோஃபேகஸ் பைரோசெபலஸ் என்று பெயர் பெற்றது. ‘நெருப்புத் தலை’ என்று பொருள். 18 முதல் 20 செ.மீ. வரை வளரும், சண்டை குறைவு, தண்ணீர் விஷயத்தில் பிடிவாதமும் குறைவு. ஸ்வெனி, வைன்மில்லரி, ஆல்டிஃப்ரான்ஸ் மூன்றும் இதைவிடப் பெரிதாகும். ஆல்டிஃப்ரான்ஸ் 25 செ.மீ.யைத் தாண்டும் என்பதால் ஆறடித் தொட்டி இல்லாமல் தொடவேண்டாம்.

கடைப்பெயரை அப்படியே நம்பாதீர்கள். ‘சுரினாமென்சிஸ்’ என்ற பெயரில் ஏதேதோ ஜியோஃபேகஸ் குஞ்சுகள் விற்கப்படுகின்றன. அசல் சுரினாமென்சிஸ் சுரினாம், மாரோவைன் ஆறுகளுக்கு உரியது, விற்பனைக்கு வருவது அரிது. அதேபோல ‘ஜுருபாரி’ என்று வருபவற்றில் பல, முகத்தில் வெண்புள்ளி தெறித்த சட்டனோபெர்கா லூகோஸ்டிக்டா. அது ஒன்றும் நஷ்டமில்லை, அருமையான மீன். ஆனால் சட்டனோபெர்கா டீமன் வேறு. அமிலம் மிகுந்த, உப்பே இல்லாத கருநீருக்கு ஏங்கும் மீன் அது. சாதாரணக் குழாய்நீரில் ஆறு மாதம் நன்றாக இருப்பதுபோல் இருந்து, பிறகு தலையில் குழி விழத் தொடங்கும். ஜிம்னோஜியோஃபேகஸ் இனங்களுக்கு நேர்மாறான சிக்கல்: பரானா, உருகுவே ஆற்றுப் பகுதிகளைச் சேர்ந்த அவற்றுக்கு ஆண்டில் இரண்டு மூன்று மாதம் 18 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். வருடம் முழுக்கத் தண்ணீர் 28 டிகிரியில் நிற்கும் வீட்டில் அவை சீக்கிரம் தளர்ந்துவிடும்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டினால் சண்டைதான் மிஞ்சும். இரண்டு வாங்கினால் ஒன்று மற்றதைத் துரத்தும். மூன்று வாங்கினால் இரண்டு சேர்ந்து ஒன்றை மூலைக்கு ஓட்டும். ஆறு முதல் எட்டு இருந்தால் அடி பங்கிடப்பட்டு யாருக்கும் வலிக்காமல் போகும். 5 செ.மீ. குஞ்சுகளாக ஒரே நாளில், ஒரே அளவில் வாங்குவது நல்லது. முழு நிறம் வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டாகும். சாம்பல் நிறக் குஞ்சைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இந்த மீன் அமையாது.

தொட்டி

ஆறு ரெட் ஹெட்டுக்கு 150 × 60 × 50 செ.மீ., அதாவது 450 லிட்டர். நாலடித் தொட்டியில் குஞ்சுகளை ஓராண்டு ஓட்டலாம், அதற்குமேல் நெருக்கடி. உயரம் இவற்றுக்கு அவ்வளவு பொருட்டில்லை. காசை நீளத்திலும் அகலத்திலும் போடுங்கள், மேயும் நிலம் அதுதான். தண்ணீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்து அரை டன்னைத் தாண்டும் என்பதால் ஸ்டாண்டும் தரையும் அதற்குத் தாங்க வேண்டும்.

கற்களை மணல்மேல் வைக்காதீர்கள். முதலில் அடிக்கண்ணாடியில் ஒரு மெல்லிய ஃபோம் துண்டு, அதன்மேல் கல், அதற்குப் பிறகு மணல். வரிசை மாறினால் மீன் அடியில் தோண்டித் தோண்டி ஒருநாள் கல் சாயும். மீன் நசுங்கும், இல்லையேல் கண்ணாடி விரியும். மரக்கட்டை இரண்டு மூன்று நிமிர்த்தி வைத்தால், துரத்தும் மீனின் பார்வை மறையும். நட்ட செடி நாலு நாளில் மிதக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்னைக் கட்டையில் கட்டிவிடுங்கள். வாலிஸ்னேரியா வேண்டுமென்றால் தொட்டிச்சட்டியில் நட்டு, வாயைக் கூழாங்கல்லால் அடைத்து வையுங்கள். அலங்காரத்தைக் குறைத்து முன்பக்கம் பாதித் தரையாவது திறந்த மணலாக விட்டால்தான் மேய்ச்சலைப் பார்க்க முடியும்.

ஃபில்டர், மணிக்குத் தொட்டி நீரை ஐந்தாறு முறை சுற்றும் அளவில்: 450 லிட்டருக்கு 2,500 லிட்டர். அட்டையில் போட்டிருக்கும் எண், உள்ளே மீடியா (ஸ்பாஞ்ச் போன்ற வடிபொருள்) எதுவும் இல்லாத நிலையின் எண் என்பதையும் கணக்கில் வையுங்கள். உறிஞ்சுகுழாயின் வாய் மணலுக்கு 15 செ.மீ.யாவது மேலே இருக்கட்டும், அதற்கு ஒரு ஸ்பாஞ்ச் உறையும் போடுங்கள். மேலே எழும்பித் துப்பும் மீன் குழாய்க்குப் பக்கத்தில் துப்பினால் மணல் நேரே உள்ளே போகும். இந்த ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியவேண்டும். மணலுக்கடியில் தட்டு வைக்கும் அண்டர்கிராவல் ஃபில்டர் இங்கே ஆகவே ஆகாது. இரண்டே நாளில் தட்டு வெளியே தெரியும்.

ஹீட்டர் ஒன்று பெரிதாக வைப்பதைவிட 200 வாட்டில் இரண்டு பாதுகாப்பு. ஒன்று பழுதாகி அணையாமல் எரிந்தாலும் தொட்டி சூப்பாகிவிடாது. வெப்பம் 27, 28 டிகிரி.

தண்ணீரும் அழுக்கும்

ரெட் ஹெட்டுக்கு பிஎச் 6 முதல் 7.5 வரை எதுவும் சரி. குறிப்பிட்ட எண்ணுக்காகப் பொடியும் திரவமும் ஊற்றி ஏற்றி இறக்குவது, எண் தவறாக இருப்பதைவிடக் கெடுதல். கட்டாயமான எண்கள் வேறு: அம்மோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 20 மி.கி.) கீழே. முதல் மீன் வருமுன் தொட்டியில் 2 பிபிஎம் அம்மோனியா போட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். அதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

தன் கழிவு விழுந்த இடத்தையே வாயில் அள்ளுகிற மீன் இது. மேலே நீந்தும் டெட்ராவுக்குப் பொறுத்துப்போகிற அழுக்கு இதற்குப் பொறுக்காது. நைட்ரேட் 40, 50இல் மாதக்கணக்காக நின்றால் முதலில் நெற்றியில் ஊசிமுனைபோலக் குழிகள், பிறகு பக்கக்கோடு நெடுகத் தோல் அரிப்பு. எனவே வாரம் 40 முதல் 50 சதவீத நீர்மாற்றம். புதுநீரின் வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. குழாய்நீரை நேரடியாகத் தொட்டியில் விடுபவர்கள் குளோரின் நீக்கியை, மாற்றும் நீருக்கல்ல, முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு முதலில் ஊற்றவேண்டும்.

அழுக்கை உறிஞ்சும் சைஃபன் குழாயை மணலில் குத்தாதீர்கள். இரண்டு, மூன்று செ.மீ. மேலே பிடித்து, மெதுவாக வட்டமிட்டால் இலேசான கழிவு எழும்பிக் குழாயில் ஏறும், மணல் கீழேயே நிற்கும். மணலும் சேர்ந்து ஏறினால் குழாயின் கடைசி முனையைக் கட்டைவிரலால் பாதி மூடுங்கள், வேகம் தணியும். கட்டைகளுக்குப் பின்னால்தான் அழுக்கு கூடும், மீன் போகாத இடம் அது. மாதம் ஒருமுறை கட்டையைத் தூக்கிப் பாருங்கள்.

கண்ணாடி தேய்க்கும் காந்தத்தை மணல்மட்டத்துக்கு ஐந்து செ.மீ. மேலேயே நிறுத்திவிடுங்கள். இந்த மீன்கள் துப்பும் மணல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ஒரே ஒரு மணி காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டினால், தொட்டி இருக்கும்வரை அந்தக் கீறல் இருக்கும். கீழ்ப்பட்டையைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினால் போதும்.

கருநீர் இனங்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிஎச் 6க்குக் கீழே, மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவின் வேலை மந்தமாகும், அம்மோனியம் சேரும். அமில நீரில் அது அவ்வளவாக விஷமில்லை என்பதால் மீன் சும்மா இருக்கும். அன்றைக்கென்று பிஎச் 7.5 உள்ள குழாய்நீரைப் பாதித்தொட்டி ஊற்றினால், அம்மோனியம் அம்மோனியாவாக மாறி ஒரு மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய்பிளக்கும். அத்தகைய தொட்டியில் தினம் 10 சதவீதமாக மாற்றுவதே நல்லது. சாதாரணத் தொட்டியிலும் கேஎச் (பிஎச்சைத் தாங்கிப்பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மை) 2 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அதற்குக் கீழே பிஎச் சொல்லாமல் சரியும்.

தீவனம்

இருபது செ.மீ. மீனுக்கும் 2 மி.மீ. மூழ்கும் பெல்லட்தான். பெரிய மீனுக்குப் பெரிய பெல்லட் என்று 5 மி.மீ. போட்டால் தொண்டைத் தாடையில் அரைபட்டு, பாதி மாவாகச் செவுள் வழியே வெளியேறும். மீன் தின்பதுபோலவே தெரியும். ஆனால் மீன் மெலியும், நைட்ரேட் ஏறும். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் தேடி அலைபவர்கள், சாப்பிடும்போது செவுளருகே பார்த்தால் விளங்கிவிடும். குஞ்சுகளுக்கு 1 மி.மீ., நாளைக்கு மூன்று நான்கு வேளை. வளர்ந்தவற்றுக்கு இரண்டு வேளை. ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று இடத்தில் தூவினால் கடைசி மீனுக்கும் கிடைக்கும்.

உறைந்த மைசிஸ், ஆர்ட்டீமியா, டாஃப்னியா போன்ற சிறு நீருயிரிகள், ஸ்பைருலினா பாசி கலந்த பெல்லட் எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். மாட்டு இதயம், கோழி இறைச்சி வேண்டாம். அந்தக் கொழுப்பு இந்த மீனின் குடலுக்குச் செரிக்காது, வயிறு உப்பும். வாரம் ஒருநாள் தீவனமே போடாமல் விட்டால் அன்றைக்குத் தரை சுத்தமாகச் சலிக்கப்படும்.

கூட்டாளிகள்: செவரம், பெரிய டெட்ராக்கள், பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ. சூடு தாங்கும் கோரிடோரஸ் ஸ்டெர்பாயும் சரி, ஆனால் தரைத் தீவனத்துக்குப் போட்டி. ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், ஆப்பிரிக்க ம்புனா கூடாது. டைகர் பார்ப் துடுப்பின் நீண்ட இழைகளைக் கடித்தே தீர்த்துவிடும்.

நோய் தெரியும் இடம்

சலிப்பதை நிறுத்திய மீன் நலமாக இல்லை. நிறம் மங்குவதற்கும் வயிறு ஒட்டுவதற்கும் முன்னால் இதுதான் தெரியும். அன்றே அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள், பாதி நீர் மாற்றுங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

வெள்ளையாக நூல்போல மலம், தின்றதைத் துப்புதல், ஒட்டிய வயிறு என்றால் குடலில் ஒட்டுண்ணி. மீன் இன்னும் தின்னுமானால் மெட்ரோனிடசோலைத் தீவனத்தில் கொடுப்பதே பயன்: ஒரு கிராம் தீவனத்துக்கு 10 மி.கி., ஐந்து நாள். 250 மி.கி. மாத்திரையைப் பொடித்துச் சில துளி நீரில் குழைத்து 25 கிராம் பெல்லட்டில் புரட்டி உலர்த்தினால் அந்தக் கணக்கு வரும். தின்னாத மீனுக்குத் தனித் தொட்டியில் லிட்டருக்கு 7 மி.கி. வீதம் நீரில்.

ஆசனவாயில் சிவப்பு நூல்கள் எட்டிப்பார்த்தால் கமலானஸ் புழு. லெவாமிசோல் லிட்டருக்கு 2 மி.கி., விளக்கை அணைத்து 24 மணி நேரம். மருந்து புழுவைக் கொல்வதில்லை, முடக்கி வெளியே தள்ள வைக்கிறது. தரையில் விழுந்த அந்தப் புழுவையும் அதன் குஞ்சுகளையும் மணலோடு சேர்த்து இதே மீன் மறுபடி அள்ளும். எனவே மருந்து போட்ட மறுநாள் தரை முழுக்க சைஃபன் செய்து பாதிக்கு மேல் நீர் மாற்றுவது சிகிச்சையின் பாதி. மூன்று வாரத்தில் இன்னொரு முறை. முடிந்தால் புதுமீனை மணலில்லாத வெறும் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அந்த ஒரு மாதம் மட்டும் சலிக்க மணல் இல்லாதது குற்றமில்லை.

குஞ்சுகள்

குழுவாக வளர்ந்த மீன்களில் ஜோடி தானாகச் சேரும். ஆண், பெண் என்று தேடி வாங்கிச் சேர்ப்பது வீண்வேலை. இளம் மீனில் வித்தியாசம் வெளியே தெரியாது. இரண்டு மீன் சேர்ந்து ஒரு தட்டைக் கல்லைச் சுற்றி மணலை ஒதுக்கி, கல்லை வாயால் தேய்க்க ஆரம்பித்தால் முட்டை வரப்போகிறது. சுரினாமென்சிஸ், ஆல்டிஃப்ரான்ஸ் வகைகள் கல்லில் முட்டையிட்டுக் காத்து, இரண்டு மூன்று நாளில் பொரிந்ததும் குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொள்ளும். ஸ்டெயின்டாக்னரியில் தாய் மட்டும், முட்டையிட்ட உடனேயே அள்ளிவிடும். அந்த இனத்து ஆணின் வாயோரத்தில் முட்டை போன்ற புள்ளி இருப்பதைக் கவனிக்கலாம்.

வாய் புடைத்து, தின்னாமல், சலிக்காமல் ஒதுங்கி நிற்கும் மீனை வலைபோட்டுப் பிடிக்காதீர்கள். மிரண்டால் விழுங்கிவிடும், அல்லது துப்பிவிடும். முட்டையிட்டு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளியே வரும். ஆபத்து என்றால் தாய் தலையைத் தாழ்த்தி மெல்லப் பின்வாங்கும், குஞ்சுகள் மொத்தமாக வாய்க்குள் ஓடும். மற்ற மீன்கள் அதிகமென்றால், வெளியே வந்தபின் பாதிக் குஞ்சுகளை மெல்லிய குழாயால் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு மாற்றலாம். அங்கே ஸ்பாஞ்ச் ஃபில்டர், புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா நாளைக்கு நாலு வேளை, தினம் 20 சதவீத நீர்மாற்றம். தரையில் ஒரு செ.மீ. பொடி மணலும் தூவிவையுங்கள். ஒரு செ.மீ. நீளம்கூட இல்லாத குஞ்சு, ஆர்ட்டீமியா விழுந்த இடத்தில் தலையைக் கவிழ்த்து இரண்டு மூன்று மணலை அள்ளும், செவுள் வழியே அது வழியும்.